பாசிவ் ப்ரீஆம்ப்புக்கு ஏற்றபடி பவர் ஆம்ப்பின் கெய்னைப் பொருத்தும் முறை

ப்ளேயருக்கும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே வரும் பாசிவ் ப்ரீஆம்ப்பில் ஒரு வால்யூம் கன்ட்ரோலும் செலக்டர் சுவிட்சும் தவிர வேறொன்றும் இல்லை. அது சிக்னலைக் குறைக்குமே ஒழிய ஒருபோதும் கூட்டாது. ஆகவே அதை வாங்குவதற்கு முன்பே பவர் ஆம்ப்பின் கெய்னை, அதாவது அது சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை, கணக்கிட்டுக்கொள்வது அவசியம்.

சிடி ப்ளேயர்களில் பெரும்பாலானவை முழு அளவில் 2 வோல்ட் தருகின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் பெற 20 வோல்ட் வேண்டும் என்பதால், 10 மடங்கு, அதாவது 20 டெசிபல் கெய்ன் இருந்தாலே போதும். ஆனால் பவர் ஆம்ப்கள் பலவற்றின் கெய்ன் 26 முதல் 32 டெசிபல் வரை, அதாவது 20 முதல் 40 மடங்கு வரை இருக்கிறது. எனவே பலரும் அஞ்சுவதுபோல் சத்தம் போதாமல் போவதைவிட, மிஞ்சிப் போவதே வழக்கம். இசைத்தட்டுக் கேட்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு: இசைத்தட்டு ஊசியின் நுண்ணிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜிலிருந்து வருவது ஏறக்குறைய அரை வோல்ட்தான் என்பதால் அவர்களுக்கு அந்த 40 மடங்கும் தேவைப்படும்.

கையேட்டில் கெய்ன் குறிப்பிடப்படவில்லையெனில் அளந்துவிடலாம். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஒலிக்கவிட்டு, பவர் ஆம்ப்பின் இன்புட்டில் 0.1 வோல்ட் ஏசி வருமாறு வால்யூமை வைக்கவும். ஸ்பீக்கர் முனைகளில் 4 வோல்ட் காட்டினால் கெய்ன் 40 மடங்கு. சாதாரண மல்டிமீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் தவறாகக் காட்டக்கூடும் என்பதாலேயே 100 ஹெர்ட்ஸைச் சொல்கிறேன்.

மிகுந்த கெய்னின் தொல்லையை மயிலாப்பூரில் என் சிறிய அறையிலேயே அனுபவித்தேன். விடியற்காலையில் வால்யூம் குமிழ் (கடிகார முள்போல் பார்த்தால்) எட்டு மணி நிலையைத் தாண்டவே முடியவில்லை. நடுவில் ஒலிக்க வேண்டிய வீணை இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறும் மின்தடையான பொட்டென்ஷியோமீட்டரின் தொடக்கப் பகுதியில் இரு சேனல்களும் ஒன்றுபோல் நகராததே அதற்குக் காரணம்.

பவர் ஆம்ப்பிலேயே கெய்ன் குமிழோ சுவிட்சோ இருந்தால் முதலில் அதைக் குறைக்கவும். இல்லையெனில், 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் இன்புட்டுக்கு முன்பாக ஒவ்வொரு சேனலிலும் 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் சுமார் 10 டெசிபல் குறையும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் பத்து வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, ஒரே மதிப்புக் காட்டும் இரண்டைத் தேர்ந்தெடுத்துச் சால்டர் செய்யவும். என் குமிழ் இப்போது பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே நிற்கிறது. வீணையும் நடுவுக்கு வந்துவிட்டது.

இதற்கு ஒரு விலை உண்டு. வெறும் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான மின்தடை) அதிகபட்சம் 2.5 கிலோ ஓம். 22 கிலோ ஓம் சேர்த்தபின் குமிழை முழுவதும் திருப்பினால் அது 7 கிலோ ஓம் வரை போகும். பவர் ஆம்ப்பின் இன்புட் இம்பீடன்ஸ் 47 கிலோ ஓமாக இருந்து, இணைப்புக் கேபிள் ஒரு மீட்டருக்குள் அடங்கினால் கவலையில்லை. வெறும் 10 கிலோ ஓம் இன்புட் கொண்ட ஆம்ப்களுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே சிக்னலைக் கூட்டாமல் அவுட்புட் இம்பீடன்ஸை மட்டும் குறைக்கும் பஃபர் என்ற சர்க்யூட்டைச் சேர்ப்பதே முறை.

பாசிவ் ப்ரீஆம்ப்பில் மியூட் சர்க்யூட் இல்லாததால், கரண்ட் போய் வரும்போது ப்ளேயர் எழுப்பும் திடீர் ஓசை அப்படியே பவர் ஆம்ப்புக்குப் போகும். ஆகையால் கரண்ட் போனவுடன் பவர் ஆம்ப்பின் சுவிட்சை அணைத்துவிட்டு, மீண்டும் வந்தபின் ப்ளேயரை முதலிலும் பவர் ஆம்ப்பைக் கடைசியிலும் போடவும்.