வன்னியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு: முதன்முதலாக விமானம் ஏறுகிறவர்களுக்கு

வன்னியிலிருந்து போகிறவர்கள் விமானத்தைத் தவறவிட வழக்கமாக இரண்டு காரணங்கள்தான்: ரிக்கெற்றில் உள்ள திகதியைப் பிழையாக வாசிப்பது, வீதியில் போகும் நேரத்தைக் குறைவாகக் கணக்கிடுவது. அதனால் விமானம் புறப்படும் நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு வாருங்கள்.

(சென்னைக்கு மட்டும் போவதென்றால் முதலில் பலாலியிலிருந்து விமானம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிநொச்சிக்காரருக்கு அது எவ்வளவோ கிட்ட. அங்கே வந்துபோவது சிறிய விமானங்கள் என்பதால், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

1. ரிக்கெற்றை வாசித்தல்

நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். 15ஆம் திகதி 02:15 என்று போட்டிருந்தால், நீங்கள் 14ஆம் திகதி பகலே வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். 15ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாளாகியிருக்கும்.

அடுத்தது பெயர். பாஸ்போட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு வருவது உங்கள் பெயர். ரிக்கெற்றிலும் அப்படியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதிப் பழக்கம். முகவரும் அப்படியே பதிந்துவிட்டால், விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும் செக்-இன் கவுண்டரில் மறிப்பார்கள். ரிக்கெற் கைக்கு வந்த அன்றைக்கே திருத்தக் கேளுங்கள். பாஸ்போட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

வேலை விசாவில் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதியாமல் வந்தால் விமான நிலையத்தில் வைத்தே திருப்பி அனுப்பலாம்.

2. புறப்படும் நேரம்

அதே 02:15 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். செக்-இன் பொதுவாக மூன்று மணித்தியாலத்துக்கு முன் தொடங்கி, ஒரு மணித்தியாலத்துக்கு முன் மூடப்படும். 22:30க்கு வாசலில் நிற்பது நல்லது. ரயர் காற்றுப் போனாலும் சமாளிக்க ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கினால் 21:30. வவுனியாவிலிருந்து அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக வான் பிடித்துப் போக, தேத்தண்ணிக்கு நிற்பதையும் சேர்த்து ஆறு மணித்தியாலம் வையுங்கள். ஆக வவுனியாவில் 15:30, கிளிநொச்சியில் 14:00, முல்லைத்தீவில் 13:30.

புத்தளம் வரைக்கும் வாகனம் ஓடும். நேரத்தைத் தின்பது சிலாபத்துக்குப் பிறகுதான்: மாரவில, வென்னப்புவ, கொச்சிக்கடை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய கடைத்தெருக்கள், பின்னேரத்தில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும்.

பஸ்ஸில் போவதென்றால், ஏறும்போதே "புத்தளம் பாதையா, குருநாகல் பாதையா?" என்று கொண்டக்டரிடம் கேளுங்கள். புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போகும் பஸ்தான் கட்டுநாயக்கவால் போகும். எயார்போட் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். வடக்குப் பாதை ரயில் கட்டுநாயக்கவுக்குப் போகாது. றாகமையில் இறங்கிப் புத்தளம் பாதை ரயிலுக்கு மாற வேண்டும். பெரிய பெட்டிகளோடு அந்த அலைச்சல் வேண்டாம்.

3. பெட்டி கட்டுதல்

தொங்கு தராசு ஒன்று வாங்கி வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். ரிக்கெற்றில் எத்தனை கிலோ தந்திருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. கைப்பொதிக்குப் பல எயார்லைன்கள் தருவது 7 கிலோ.

கைப்பொதியில் திரவம் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் இருக்கக் கூடாது. பாதி போத்தல்தான் இருக்கிறது என்று சொன்னாலும் விடமாட்டார்கள், போத்தலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். தேன், நல்லெண்ணெய், ஊறுகாய், தயிர் எல்லாமே இந்தக் கணக்கில் திரவம்தான். அவற்றைப் பெரிய பெட்டியில் வையுங்கள். மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறையும், போத்தலுக்குள் இருக்கும் காற்று விரிந்து தேனை மூடி வழியாகத் தள்ளும். கண்ணாடிப் போத்தலைத் தவிர்த்து, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, உடுப்புக்கு நடுவில் வையுங்கள். பாக்குவெட்டியும் கத்தியும் பெரிய பெட்டிக்குள்ளேயே போக வேண்டும். பவர் பாங்க் அதற்கு நேர்மாறு: தீப்பிடித்தால் உடனே அணைக்க வேண்டுமென்பதால் கைப்பொதியில் மட்டும்தான்.

கருவாடு, விதை, மா வகை கொண்டு அவுஸ்திரேலியா போகிறவர் அங்கே இறங்கும்போது தரும் படிவத்தில் அவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மறைத்தால் அபராதம்.

4. விமான நிலையத்துக்குள்

வழியனுப்ப வந்தவர்களிடம் வெளியிலேயே விடைபெறுங்கள். வாசலில் பெட்டிகள் ஸ்கானுக்குள் போகும். பிறகு செக்-இன்: பாஸ்போட்டைக் கொடுத்து, பெட்டியை வைத்து, போடிங் பாஸ் (விமானம் ஏறுவதற்கான அட்டை) வாங்குங்கள். டோகாவிலோ டுபாயிலோ மாறிப் போகிறவர், பெட்டியில் ஒட்டும் பட்டியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அதில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்க வேண்டும்: லண்டன் ஹீத்ரோவுக்கு எல்-எச்-ஆர், ரொறன்ரோவுக்கு வை-வை-இசட். இரண்டாவது விமானத்தின் போடிங் பாஸையும் அங்கேயே கேளுங்கள். பெட்டிக்குத் தரும் சிறிய துண்டைத் தொலைக்காதீர்கள். பெட்டி வராவிட்டால் அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

அதன்பின் குடிவரவு, பாதுகாப்புச் சோதனை, கேற் (விமானம் ஏறும் வாசல்). கேற் இலக்கம் மாறலாம், திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வான் சாரதிக்கு

உங்களை இறக்கிவிட்டு நள்ளிரவில் திரும்பி ஓடுகிறவர் அவர். நீர்கொழும்பில் இரண்டு மணித்தியாலம் படுத்தெழும்பிப் போகச் சொல்லி, அதற்கும் சேர்த்துக் காசு பேசுங்கள். புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வரும். தூக்கக் கண்ணோடு அந்தத் துண்டை ஓட விடாதீர்கள்.