கடன் கழுத்தை நெரிக்கும்போது முதலில் செய்ய வேண்டியது

எங்கள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள் நான். கடன் என்று வருபவர்களிடம் முதலில் ஒரு நோட்டைக் கொடுப்பேன். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று எழுதுங்கள். மளிகைக்கடை பாக்கி, மச்சானிடம் வாங்கிய கைமாற்று, அடகு வைத்த வளையல், எதையும் விடாதீர்கள்.

வட்டி அதிகமான கடனை முதலில் அடைத்துவிடுங்கள். பெரும்பாலும் அது கிரெடிட் கார்டுதான். மாதம் 3.5% வட்டி என்றால் 50,000 ரூபாய் பாக்கிக்கு வட்டியே 1,750. அதன்மேல் 18% ஜிஎஸ்டி 315. நீங்கள் 2,500 கட்டினால் அசலில் குறைவது வெறும் 435! பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் கார்டை இன்றே பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து கார்டு பாக்கியை அடைக்கலாம், அந்த வட்டி இதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் அந்தப் பணத்தில் வேறு எதையும் வாங்கக் கூடாது.

அண்ணனிடமோ மாமனாரிடமோ கேட்பதானால் நோட்டை விரித்துக் காட்டி ஒரே தடவை கேளுங்கள். ஐந்தாயிரம், மூவாயிரம் என்று மாதாமாதம் போய் நிற்பதுதான் உறவை அறுக்கிறது. திருப்பித் தரும் தேதியை அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள்.