தென் அமெரிக்க மீன்தொட்டி: கடையிலேயே நடந்துவிடும் தவறுகள்

புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அமேசான் செட்டப் எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்பார்கள். படத்தைப் பார்த்ததுமே எங்கே சறுக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். வேறொன்றுமில்லை, இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த பள்ளங்கள்தான். தொட்டியைப் பழக்காமல் மீன் விடுவது, அள்ளி அள்ளித் தீனி போடுவது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மீனையும் செடியையும் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் கோளாறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

சுத்தம் செய்ய ஒரு சக்கர்

"ஒரு கிளீனர் போட்டுத் தரட்டுமா சார், கண்ணாடியை அதுவே பார்த்துக்கும்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கவருக்குள் விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மீன், வாயைப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு பரிதாபமாக இருக்கும். விலையும் ஐம்பது ரூபாய்க்குள். சம்பளமில்லாத ஆள் கிடைத்துவிட்ட திருப்தியோடு வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தச் சக்கர், டெரிகோப்லிக்திஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த கெளுத்தி வகை. அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளில் ஒன்றரை அடி வரை வளரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். குட்டியாக இருக்கும்வரை பாசி மேயும், உண்மைதான். வளர வளர மற்ற மீன்களுக்குப் போடும் தீனியே அதற்குப் போதும். சாப்பிட்டதைக் கயிறு கயிறாக மணல் முழுக்கக் கழித்துவைக்கும். சுத்தம் செய்ய வந்ததற்கு நாம் சுத்தம் செய்துகொண்டிருப்போம்.

தெரிந்த தம்பி ஒருவர் நான்கடித் தொட்டியில் டிஸ்கஸ் மீன் வளர்த்தார். அமேசான் ஸ்வார்ட் செடியின் இலைகளெல்லாம் நரம்பு மட்டும் மிஞ்சி வலை மாதிரி ஆகிவிட்டன. டிஸ்கஸின் விலாவில் வட்ட வட்டமாக வெளிறிய தடங்கள். நோய் என்று நினைத்துக் கல்லுப்பு போட்டார், கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றினார், வெப்பத்தை ஏற்றினார். எதற்கும் அசையவில்லை. "ராத்திரி விளக்கணைத்து ரெண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்க" என்றேன். பார்த்திருக்கிறார். இருப்பதிலேயே பெரிய டிஸ்கஸின் பக்கவாட்டில் சக்கர் அட்டை போல ஒட்டிக்கொண்டு, மேல்தோலின் வழுவழுப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. டிஸ்கஸ் மாதிரித் தட்டையான, மெதுவாக நகரும் மீன்கள்தான் இதற்கு வசதி. மீன்களுக்கே ஆயிரக்கணக்கில் செலவழித்த தொட்டி அது.

இதுவரை சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு எரிச்சல் வருவது அடுத்த கட்டத்தில். தொட்டிக்குள் திரும்ப இடமில்லாத அளவுக்குச் சக்கர் வளர்ந்ததும், விற்ற கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். "பாவம்னு ஏரியில விட்டுட்டேன் அண்ணா" என்பார்கள், புண்ணியம் செய்த முகத்தோடு. தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் இன்று சக்கர் பெருகிக் கிடப்பது இப்படிப்பட்ட புண்ணியத்தால்தான். ஆண் மீன் கரையைக் குடைந்து வளை தோண்டும், அதற்குள் முட்டையைக் காவல் காக்கும். தண்ணீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பை வழியாகவே சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள். மீனவர் வலையில் சிக்கினால் வலை கிழியும், சந்தையில் விலையும் போகாது. ஆகவே ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடிப்பிடித்துக் கொடுங்கள். எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள்.

பாசிக்கு மீன் வேண்டும் என்றால் பிரிசில்நோஸ் ஐந்து அங்குலத்தில் நின்றுவிடும், கட்டை ஒன்று போட்டால் சந்தோஷமாக இருக்கும். ஓட்டோசிங்கிளஸ் ஒன்றரை அங்குலம்தான், ஆனால் சில மாதம் ஓடிப் பழகிய தொட்டியில்தான் தாங்கும். இரண்டுமே துப்புரவுப் பணியாளர்கள் அல்ல. பாசி அதிகம் என்றால் விளக்கு எரியும் நேரத்தை ஏழெட்டு மணி நேரமாகக் குறையுங்கள், தீனியையும் குறையுங்கள்.

அமேசான் என்றால் ஒரே தண்ணீர் என்று நினைப்பது

பிரேசிலின் மனாஸ் நகரத்துக்கு அருகே கறுப்புத் தேநீர் நிறத்து ரியோ நீக்ரோவும், வண்டல் கலந்த பழுப்பு சொலிமோயெஸ் ஆறும் ஒன்றோடொன்று கலக்காமல் சில கிலோமீட்டர் தூரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். வெப்பம், வேகம், அடர்த்தி மூன்றும் வேறு. ரியோ நீக்ரோவின் பிஹெச் (அமில-காரத் தன்மை) 4, 5 அளவில் இருக்கும், தாது உப்பு ஏறக்குறைய இல்லை. ஷிங்கு, தபஜோஸ் ஆறுகளோ கண்ணாடி மாதிரித் தெளிந்தவை. காட்டிலிருந்து பிடித்த கார்டினல் டெட்ரா பெரும்பாலும் ரியோ நீக்ரோ பக்கத்து மீன், பார்செலோஸ் என்ற ஊரே அதைப் பிடித்து விற்றுப் பேர் வாங்கியது.

அந்த மீனை டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும் போர் தண்ணீரில் விட்டுவிட்டு "ரெண்டு நாள்ல செத்துப்போச்சு" என்றால் என்ன சொல்வது? நம் ஊர்ப் பண்ணையில் பெருகிய ஏஞ்சல் மீன் நம் தண்ணீரிலேயே பிறந்தது, சமாளிக்கும். அதனால் வாங்கும்போது பண்ணை மீனா, பிடித்த மீனா என்று கேளுங்கள்.

வாதுமை இலை போட்டால் பிஹெச் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடினத் தண்ணீரில் நிறம்தான் மாறும். கார்பனேட் கரைந்திருக்கும்வரை பிஹெச் அசையாது. போர் தண்ணீரோடு ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து கடினத்தைக் குறைத்த பிறகு இலை போடுங்கள், அப்போது வேலை செய்யும். பிஹெச் குறைக்கும் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். ராத்திரி இறங்கும், காலையில் ஏறும், நடுவில் மீன் போகும்.

அப்புறம் இன்னொன்று. ரியோ நீக்ரோவின் வெள்ளக் காட்டில் தண்ணீருக்கடியில் பச்சைச் செடி அதிகம் கிடையாது. வேர், கிளை, உதிர்ந்த இலை, நிழல், அவ்வளவுதான். மணல் பரப்பி நான்கு கட்டையும் ஒரு கை வாதுமைச் சருகும் போட்டாலே அசல் காட்சி வந்துவிடும், செடிக்கென்று பெரிய விளக்கு வாங்க வேண்டியதில்லை.

நியானை வெயில் காலத்தில் வாங்குவது

நியான் டெட்ரா 22 முதல் 26 டிகிரியில் நன்றாக இருக்கும். மே மாதச் சென்னையில் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். அதே சிவப்பு-நீலம் வேண்டும் என்றால் கார்டினலைத் தேடுங்கள், வெப்பம் தாங்கும். வயிறு முழுக்கச் சிவப்பு ஓடினால் கார்டினல், பாதியில் தொடங்கினால் நியான். டிஸ்கஸுக்கு 28, 30 டிகிரி வேண்டும், அதனோடும் நியான் ஒத்துவராது.

ஏஞ்சலோடு நியான்

ஆறு மாதத்தில் நியான் எண்ணிக்கை குறையும். செத்துக் கிடக்காது, காணாமல் போகும். ஏஞ்சல் விழுங்கியிருக்கும்.

ஸ்வார்ட் செடியை அவசரப்பட்டுப் பிடுங்குவது

நர்சரிகளில் அமேசான் ஸ்வார்டைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்ப்பார்கள். தொட்டிக்குள் வந்ததும் பழைய இலை மஞ்சளாகி உருகும். செடி செத்தது என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நடுக்குருத்து கெட்டியாக இருந்தால் விடுங்கள், நீர் இலை மெல்லியதாக, நீளமாக வரும். நடும்போது வேரை மட்டும் புதையுங்கள், குருத்து மணலுக்குள் போனால் அழுகும். சாப்பாடு பெரும்பாலும் வேர் வழியாகத்தான், வெறும் மணலில் உர வில்லை செருகாவிட்டால் இளைக்கும்.

லக்கி பேம்பூ

ஆப்பிரிக்கத் தரைச் செடி. முழுக்க முக்காதீர்கள்.

ஆகாயத்தாமரை

அமேசான்காரிதான். அதற்காக வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம், ஏரிகளில் படுத்தியது போதும்.

ஜோடிக் கணக்கு

நம் கடைகளில் எல்லாமே ஜோடி. டெட்ரா ஒரு ஜோடி, அடியில் மேயும் கோரி கெளுத்தி ஒரு ஜோடி என்று வாங்கினால் எல்லாம் மூலையில் ஒளியும். ஆறு வகையில் இரண்டிரண்டுக்குப் பதில் ஒரே டெட்ரா பன்னிரண்டு எடுங்கள். கோரி குறைந்தது ஆறு வேண்டும். கூர்மையான கலர் கல்லில் அதன் மீசை தேய்ந்து மொட்டையாகும், மென்மையான மணல்தான் சரி.

பிரானா

பிரானா என்று விற்பது பெரும்பாலும் ரூப்சந்த் என்ற பண்ணை மீன். வளர்ந்தால் குழம்புக்கு ஆகும்.

பிளட் பேரட்

எந்த ஆற்றிலும் இல்லாத கலப்பு மீன்.

கப்பியை ஏளனமாகப் பார்ப்பது

கொசு ஒழிக்கக் கிணற்றில் விடுகிற கப்பி, வெனிசுவேலா, கயானா, டிரினிடாட் பக்கத்து மீன். அசல் தென் அமெரிக்கச் சரக்கு. கடினத் தண்ணீர் அதற்குப் பிடித்தமானது. ஆர்.ஓ. கலக்க வழியில்லாத வீட்டில் கார்டினலைக் கொல்வதைவிட, கப்பியையோ வெனிசுவேலாவின் எண்ட்லரையோ ஒரு கூட்டமாக விடுங்கள். குட்டி போட்டுத் தள்ளும் என்பது மட்டும்தான் தொல்லை. அது வேண்டாமென்றால் ஆண் மீன்களாகப் பார்த்து எடுங்கள். நிறமெல்லாம் ஆணுக்குத்தான்.