ஒரகடத்தில் வேலை, வீடு எங்கே? புதியவர்கள் செய்யும் தவறுகள்

சென்னைக்கு வெளியே, ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ்களுக்கு ரூட் போடுவது என் பொறுப்பு. அதனால் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என் மேசைக்கு வந்துவிடுவார்கள். "சார், சென்னையிலேயே இருந்துட்டு தினமும் வந்து போகலாமா, இல்ல இந்தப் பக்கமே வீடு பாத்துடலாமா?" நான் சேர்ந்த காலத்தில் எங்கள் ஆட்கள் எங்கெங்கே சறுக்கினோமோ, அங்கேயேதான் இவர்களும் சறுக்குகிறார்கள். வாடகை பேரம், அட்வான்ஸ், பதினொரு மாத ஒப்பந்தம் எல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து வழி பார்ப்பது

திங்கட்கிழமை காலையில் வாருங்கள்.

கம்பெனி பஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது

எந்த ஷிப்டுக்கு இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஜெனரல் ஷிப்டுக்கு நகரத்துக்குள் வெகுதூரம் போகிற பஸ், விடிகாலை ஷிப்டுக்குக் கிண்டியோடு நின்றுவிடலாம். ஏறுகிற ஆட்கள் குறைவு, அவ்வளவுதான் காரணம். எங்கள் டைம் ஆபீஸ் சுவரில் ரூட் சார்ட் ஒட்டியிருக்கும். அச்சடித்த நேரத்தைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் வேறு நேரம் எழுதியிருப்போம். பஸ் வருவது அந்தப் பேனா நேரத்துக்குத்தான். மூன்று ஷிப்டுக்கும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. பார்த்தால் எப்படித் திரும்புவது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ரயில் கிடையாது. இங்கே பஸ்ஸைத் தவறவிட்டால் சிங்கப்பெருமாள் கோவிலுக்கோ தாம்பரத்துக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும்.

ஒருவருடைய பயணத்தை மட்டும் கணக்குப் போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

எங்கள் அசெம்பிளியில் ஒரு சூப்பர்வைசர். மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு. மனைவி நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்த்தார். மாம்பலத்தில் ரயில் ஏறினால் கோடம்பாக்கம், அடுத்தது நுங்கம்பாக்கம். பையன் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். இவர் அசோக் பில்லரில் எங்கள் பஸ் ஏறினால் ஆலை வரை தூக்கம்தான். ஒருநாள் வந்து, "தினமும் மூணு மணி நேரம் ரோட்டுலயே போகுது சார், நம்ம ஆலைப் பக்கம் படப்பையில வீடு பாத்துட்டேன், வாடகை பாதிதான்" என்றார். வீட்டில் வேலைக்குப் போகிறார்களே என்று கேட்டேன். "தாம்பரம் வந்து ட்ரெயின் பிடிச்சுக்குவாங்க சார்."

பிடிக்கத்தான் செய்தார். படப்பையில் நிற்கும்போதே பஸ் நிரம்பி வரும். தாம்பரத்தில் இறங்கி, மேம்பாலப் படி ஏறி, லோக்கல் பிடித்து, நுங்கம்பாக்கத்தில் இறங்கி நடக்க வேண்டும். சாயங்காலம் அதே வழி, ரயிலில் நின்றுகொண்டே. தாம்பரத்தில் மறுபடி படப்பை பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு சேரும்போது பையன் பக்கத்து வீட்டில் தூங்கியிருப்பான். அந்தப் பள்ளி ஆண்டு முடிவதற்குள் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டார். வாடகையில் மிச்சமானது மாதம் எட்டாயிரம். நின்றுபோனது இருபத்தெட்டாயிரம் சம்பளம், பி.எஃப்., அத்தனை வருட அனுபவம்.

அதே மூன்று மணி நேரம் அவருக்கு இருந்தபோது வீடு மாற வேண்டிய பிரச்சினை. மனைவிக்கு வந்ததும் அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டிய விஷயம் ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவருக்கு உட்கார ஒரே பஸ், உறுதியான சீட். அந்த அம்மாவுக்கு எதுவும் உறுதி கிடையாது. "லேடீஸுக்கு பஸ் ஃப்ரீதானே சார்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. ஆனால் போகிற நேரத்தை அது குறைக்காது.

இப்போது யார் வந்து கேட்டாலும் ஒரு தாளைக் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் வெளியே போகிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள், பிள்ளை உட்பட. வாசலில் செருப்பு மாட்டும் நேரத்திலிருந்து திரும்பி வந்து செருப்பு கழற்றும் நேரம் வரை எழுதுங்கள். சம்பளம் யாருக்கு அதிகம் என்று அந்தத் தாளில் எழுத வேண்டாம். எழுதி முடித்தவர்களில் பலர் குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ரயில் பாதை ஓரமாகவே வீடு பார்த்தார்கள். ஒருவருக்குக் கடற்கரை போகிற ரயில், இன்னொருவருக்கு எங்கள் பஸ். வாடகை படப்பையை விடக் கூடுதல்தான், கொடுக்கலாம். தனி ஆள் என்றால் இந்தக் கவலை இல்லை, ஆலைப் பக்கமே ரூம் எடுத்துவிடுங்கள்.

மெட்ரோ வரும் என்று நம்பி வீடு பிடிப்பது

இன்றைக்கு ஓடுகிற வண்டியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு

வேண்டாம். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தூக்கக் கண்ணோடு ஓட்டுவதற்கு எந்த வாடகை மிச்சமும் ஈடாகாது.

வெயில் காலத்தில் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை கட்டுப்படியாகும், எங்கள் பஸ்ஸும் அருகில் கிடைக்கும். அடையாற்று ஆற்றை ஒட்டிய இடங்கள் அவை. 2015 டிசம்பரிலும் தண்ணீர் வந்தது, 2023 டிசம்பரிலும் வந்தது. அந்தப் பக்கம் எல்லாத் தெருவும் மூழ்குவதில்லை. அதனால் வீட்டு புரோக்கரை விட்டுவிட்டு, தெருமுனைக் கடைக்காரரிடம் எந்தப் படி வரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். காம்பவுண்டு சுவரில் கறை கோடு இருந்தால் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

சேர்ந்த வருடமே ஃப்ளாட் வாங்குவது

மறைமலை நகரில் ஃபோர்டு இருக்கும் வரை கவலையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள், 2022-இல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. அடுத்த வேலை பக்கத்திலேயே கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஓசூரிலும் கிடைக்கலாம். இருபது வருடக் கடன் மட்டும் வாங்கிய இடத்திலேயே இருக்கும். வேலை நிரந்தரம் என்று கன்ஃபர்மேஷன் வந்து, ஒரு மழைக்காலமும் ஒரு நைட் ஷிப்ட் சுற்றும் பார்த்த பிறகு வங்கிக்குப் போங்கள். அப்போதும் நடந்தே ரயில் நிலையம் போகிற தூரத்தில் இருக்கிற வீட்டை முதலில் பாருங்கள். அங்கிருந்தால் வேலை எந்தத் திசைக்கு மாறினாலும் வீட்டில் யாராவது ஒருவராவது போய்வர முடியும், வாடகைக்கு விடுவதும் எளிது.