கனவுத் துப்பாக்கியில் கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் என்று எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் எந்த டீக்கடைப் பேச்சும் கடைசியில் காட்டுப்பன்றியில் வந்துதான் நிற்கும். கடலைக்காட்டை ஒரே ராத்திரியில் டிராக்டர் விட்ட மாதிரி உழுதுவிட்டுப் போயிருக்கும். பன்றி வந்தால் பின்னாலேயே துப்பாக்கிப் பேச்சும் வரும். அப்புறம் யாராவது ஒரு பையன் கைபேசியை நீட்டுவான். தோளில் தாங்கிப் பிடிக்க, சுழிசுழியாக ரேகை ஓடுகிற வால்நட் மரக் கட்டை, கறுத்த குழல், மேலே குறிபார்க்க முழ நீளத் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப். "மாமா, இப்படி ஒண்ணு செஞ்சுக்கணும்."

ஆசைப்படட்டும். நானும் இருபது வருசமாக மனசுக்குள் ஒரு துப்பாக்கியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்தச் "செஞ்சுக்கணும்" என்ற சொல்லிலேயே முதல் தவறு இருக்கிறது. அமெரிக்காவில் குழலை ஒரு கடையில், கட்டையை இன்னொரு கடையில் வாங்கி ஆளுக்கேற்ற ரைஃபிளாகக் கோத்துக்கொள்கிறார்கள். இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்யவும், மாற்றியமைக்கவும், பழுது பார்க்கவும்கூட அதற்கென்று உரிமம் வேண்டும். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாமல் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். லேத் பட்டறைக்காரர் பழக்கமானவர்தான், நல்ல கைகாரர்தான். அவரையும் சேர்த்து உள்ளே அனுப்ப வேண்டுமா? தாத்தா காலத்து .303 கதைகளையும் மறந்துவிடலாம் (இந்த எண்கள் குழலின் உட்துளையை அங்குலத்தில் சொல்பவை). அது ராணுவத் தோட்டா, சாதாரண உரிமத்தில் வராது. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் சாதாரண ஆளுக்கு 1980களின் நடுவிலேயே அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது, உரிமத்திலிருந்து உரிமத்துக்குக் கைமாறி வரும் மௌசர், ரிக்பி போன்ற பழைய வெளிநாட்டுக் கம்பெனித் துப்பாக்கிகள்; இல்லாவிட்டால் அரசுத் தொழிற்சாலையில் செய்த .315 அல்லது .30-06. கனவை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கைக்கு வந்த துப்பாக்கியை நம் உடம்புக்குப் பொருத்துவதே நம் ஊரில் நடக்கிற 'கஸ்டம்', அதாவது ஆளுக்கேற்றுச் செய்கிற வேலை.

அடுத்தது, எதற்கு என்று கேட்காமலே கட்டுவது. பொழுதுபோக்கு வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்த கதை. மூணாறு தோட்டத் துரைமார்கள் வேட்டைக்காகப் பேணிய இரவிகுளம், 1975இல் சரணாலயமாகி 1978இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. இன்று கேரளத்தில் நமக்குத் திறந்திருப்பது ஒரு சின்ன வாசல்தான். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உரிமத் துப்பாக்கிக்காரர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்கள் கைக்கு வந்தது. அதிலும் விஷம், மின்வேலி, வெடி எதுவும் கூடாது. செத்த பன்றியைப் புதைக்க வேண்டும், கறிக்கு ஆகாது. ஆக, படத்தில் பார்க்கிற மலைச்சரிவு ரைஃபிள் நமக்கு எதற்கு? நமக்கு வேண்டியது பயிர்க் காவலுக்கு ஒரு கருவி.

இதை மனதில் வைக்காததால்தான் 'போர்' என்று சொல்கிற குழல் துளை அளவில் எல்லோரும் சறுக்குகிறார்கள். பெரிய போர் என்றால் பெரிய துப்பாக்கி என்று ஒரு நினைப்பு. சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. 7×57 மௌசர் தோட்டாதான் அது. தோளுக்கு இதமானது. தெற்கே இன்னொரு வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் தூக்கித் திரிந்தது .405 வின்செஸ்டர். அவரவர் காட்டுக்கும் தோளுக்கும் அவரவர் துப்பாக்கி. .375 வாங்கினால் அதன் உதை .30-06ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாலு தோட்டாவுக்குப் பிறகு விசையை அழுத்தும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். எங்கள் நிலமோ மேசை மாதிரி தட்டை. வரப்பில் பனை, பனைக்கு அந்தப் பக்கம் வீடு. குறி தப்பிய ரைஃபிள் ரவை ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் என்னைக் கேட்டால், ரைஃபிள் அளவுக்குத் தூரம் போகாத பழைய 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கியே புத்திசாலித்தனம். தோட்டா எங்கே கிடைக்கும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். தோட்டா இல்லாத .275 வெறும் உலக்கை.

சரி, இனி நான் அதிகம் பார்த்த தவறுக்கு வருகிறேன். துப்பாக்கிக்கு அளவெடுக்காமல் இருப்பது. சட்டைக்கு டெய்லரிடம் போய் நிற்கிறவர்கள், லட்சக்கணக்கில் போகும் துப்பாக்கியை அப்படியே வாங்கித் தோளில் வைக்கிறார்கள். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் சுமார் பதிமூன்றரை அங்குலம் இருக்கும். ஐந்தே கால் அடி ஆளுக்கு அது நீளம். துப்பாக்கியைத் தூக்கும்போது பின்முனை அக்குளில் சிக்கும், முகம் முன்னால் நீளும், கழுத்து விறைக்கும். கட்டை குட்டையாக இருந்தால் கட்டைவிரல் முட்டி மூக்கில் இடிக்கும். முட்டிக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தால் ஏறக்குறைய சரி.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊரில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர். துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்ப்பார், விரலையும் விட்டுப் பார்ப்பார். குழலின் வாயைக் காலிச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லுவார். "கண்ணை மூடுங்க தம்பி. மூடிட்டுத் தூக்கித் தோள்ல வைங்க. கன்னத்தை வைங்க. இப்பத் திறங்க." கண் திறந்ததும் பின்குறியும் முன்குறியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தலையைத் தூக்கியோ சாய்த்தோ தேட வேண்டி வந்தால் அந்தக் கட்டை உங்களுடையது அல்ல. இருட்டில் பன்றி உங்களுக்காகக் காத்திருக்காது.

ஸ்கோப் மாட்டும்போது இந்தப் பொருத்தம் மறுபடியும் கெடும், அதை யாரும் நினைப்பதில்லை. இரும்புக் குறிக்காகச் செய்த கட்டையில் கன்னம் வைக்கும் மேடு தாழ்வாக இருக்கும். ஸ்கோப் அதற்கு மேலே ஏறி நிற்கும். கன்னம் கட்டையை விட்டுவிட்டு அந்தரத்தில் தொங்கும். நான் ஒரு ரைஃபிள் கிளப்பில் இப்படித்தான் கன்னம் பதியாமல், கண்ணை ஸ்கோப்புக்கு ஒட்டிக் கொண்டுபோய்ச் சுட்டேன். புருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு வெட்டு. மூன்று தையல். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டொன்பது சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதைக் காகிதத்தில் படித்திருந்தேன்தான். வாங்குவதானால் பெருக்கம் குறைந்த ஸ்கோப்பாக வாங்குங்கள். முப்பது அடி தள்ளி நிற்கும் பன்றியைப் பத்து மடங்கு பெருக்கினால் மயிர்தான் தெரியும், எந்தப் பக்கத்து மயிர் என்பது தெரியாது. விசையையும் இறகாக இளக்கச் சொல்லாதீர்கள். ஒன்றரைக் கிலோ அழுத்தம் கேட்டால் கேட்கட்டும்.

மரத்துக்கு வருவோம். ரேகை அழகைப் பார்த்துக் கட்டை எடுப்பவர்கள் கழுத்தைப் பார்ப்பதில்லை. கை பிடிக்கிற அந்த மெல்லிய இடத்தில் ரேகை குறுக்கே வெட்டிப் போனால், உதை வாங்கி வாங்கி ஒருநாள் அங்கேதான் பிளக்கும். அங்கே ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். சுழியும் சித்திரமும் பின்பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். தேக்கோ ஈட்டியோ போடலாமா என்று கேட்பார்கள். ஈட்டி கனம், தோளில் அரை நாள் சுமந்து பாருங்கள், தெரியும். எதுவானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மார்ச்சில் நாற்பது டிகிரி, கணவாய்க் காற்று, ஜூன் பிறந்தால் மழை. மரம் இதற்கெல்லாம் சுருங்கி ஊதும். ஊதிய மரம் குழலை ஒரு பக்கமாகத் தள்ளினால் வெயில் காலத்தில் வைத்த குறி மழைக்காலத்தில் வேறெங்கோ போகும். பல ரைஃபிள்களில் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுவது இதற்காகத்தான். ஒரு பத்து ரூபாய் நோட்டை நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. சிக்கினால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப் போங்கள், வீட்டில் உப்புத்தாளை எடுக்க வேண்டாம்.

கட்டையின் மேல்பூச்சில் காசு மிச்சம் பிடிப்பதும் தவறுதான். வீட்டில் எவ்வளவு எண்ணெய் போட்டு வைத்தாலும் நாடாளுமன்றம், சட்டமன்றம், பஞ்சாயத்து என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமத் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். அந்த வாரங்களில் அது எந்த ஈரச்சுவர் ஓரம் சாய்ந்திருக்குமோ. உள்பக்கம், கட்டையின் பின்முனைத் தகட்டுக்கு அடியில் எல்லாம் பூச்சு ஏறியிருந்தால்தான் மரம் தாங்கும். கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கி வந்ததும் நான் முதலில் துரு பார்ப்பதில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பத்து ரூபாய் நோட்டைத்தான் எடுக்கிறேன்.