உர்ஹோபோ அரண்மனைக்குப் போகுமுன்

பக்கத்து வளவுத் தம்பிக்கு நைஜீரியாவில் வேலை. டெல்டா மாநிலத்தில், வாரி நகரத்துக்குக் கிட்ட ஒரு கம்பனியில் கணக்குப் பார்ப்பது. போய் இரண்டு கிழமை ஆகுமுன்னே போன் வந்தது. "சேர், வாற கிழமை எங்களையெல்லாம் இங்கத்த ராசாவப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போறாங்களாம். என்ன உடுக்கிற, என்ன சொல்லுற?"

"எந்த ராசா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்றால், 1981இலிருந்து நாலு வருடம் நான் அங்கே கணிதம் படிப்பித்தேன். இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் நைஜீரியாவுக்குப் போன காலம் அது. டெல்டா மாநிலம் 1991இல்தான் உண்டானது. அப்போது அந்தப் பகுதிக்குப் பெண்டெல் மாநிலம் என்று பெயர். நான் இருந்தது அங்கே வாழும் உர்ஹோபோ மக்களின் அக்போன் ராச்சியத்தில். ஒக்பாரா, கொகோரி, எகு என்று அதில் பல ஊர்கள், தாயூர் இசியோகொலோ. மறுகா, தம்பிக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதல் வேலை, நீங்கள் நிற்பது யாருடைய மண் என்று கேட்டு அறிவது. உர்ஹோபோ மக்களுக்கு ஒரே அரசர் கிடையாது. இன்றைய கணக்கில் 24 ராச்சியங்கள், ஒவ்வொன்றும் தனி. பெரும்பாலான இடங்களில் அரசருக்கு 'ஓவியே' என்று பெயர். (ஓவியத்தில் பாதி என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன்.) ஆனால் ஒக்பே ராச்சியத்தில் அவர் 'ஓரோஜே', உகியெவ்வெனில் 'ஒகோபாரோ', ஓலோமுவில் 'ஓஹ்வோரோடே'. ஓரோஜேக்கு முன்னால் போய் ஓவியே என்று வாழ்த்துவது, ஒரு கோயிலில் நின்றுகொண்டு பக்கத்துக் கோயில் சாமியைக் கும்பிடுவது மாதிரி. யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் கவனிப்பார்கள்.

ஒக்பே கதையைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. அங்கே முதல் ஓரோஜேயின் பெயர் எசெசி. கொடுமை தாங்காமல் குடிமக்களே அவரைக் கொன்றார்கள் என்பது அவர்களுடைய மரபு. அதன் பிறகு அந்த ஆசனம் நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்து, 1945இல்தான் இரண்டாம் எசெசி முடிசூடினார். அரச வம்சத்தின் நாலு கிளைகள் முறை வைத்து அரசராகும் இடம் அது. கொல்லப்பட்ட அரசரின் பெயரையே அடுத்தவருக்குச் சூட்டினார்களே என்று நான் யோசித்ததுண்டு. கிளையின் பெயர் அது, விட முடியாது. தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அரண்மனையில் போய் இதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வாயைக் கட்ட வேண்டிய இடம் இன்னும் இரண்டு உண்டு. பழைய ஆங்கிலேயப் புத்தகங்களில் இந்த மக்களை 'சோபோ' என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரை மாற்றக் கேட்டு அவர்களே பாடுபட்டு, 1938இல் உர்ஹோபோ என்று அதிகாரபூர்வமாக மாறியது. ஆகவே சோபோ என்ற சொல் வேண்டாம். வாரி நகரம் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சும் வேண்டாம். உர்ஹோபோ, இட்செகிரி, இஜோ என்ற மூன்று இனத்தாருக்கும் அதில் காயம் இருக்கிறது. காணிப் பிரச்சினையின் சூடு மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது வணக்கம். நான் போன முதல் மாதம், ஒரு வயதானவர் எதிரில் வந்தார். நான் மரியாதையாகக் கையை நீட்டினேன், குலுக்குவதற்கு. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார். அடுத்த நாள் என் மாணவன் ஒருவன் பாடம் எடுத்தான். இளையவர்தான் முதலில் வாழ்த்த வேண்டும், கை நீட்டுவது மூத்தவரின் உரிமை. 'மிக்வோ' என்று சொல்லி உடம்பைத் தாழ்த்த வேண்டும். முழந்தாளில் நிற்கிறேன் என்று பொருள். அவர் 'வ்ரெண்டோ' என்பார், எழும்பு என்று. அது வரும்வரை நிமிரக் கூடாது. பெண்கள் உண்மையிலேயே முழந்தாளிடுவார்கள். வெளிநாட்டு ஆண் நன்றாகக் குனிந்தால் போதும். ஆனால் சொல்லை விழுங்காதீர்கள். வாய்விட்டுச் சொன்னால் முகமெல்லாம் சிரிப்பாக மாறும். மறுபடி அந்தக் கிழவரைக் கண்டபோது நான் குனிந்த குனிவில் என் பேனை சட்டைப் பையிலிருந்து விழுந்துவிட்டது. அவர் 'வ்ரெண்டோ' சொல்லிவிட்டு, தானே கையை நீட்டினார்.

உடுப்புக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். நீளக் கைச் சட்டை, காற்சட்டை, சரி. அவர்கள் இடுப்பில் துணி சுற்றி, மேலே நீளச் சட்டை, தொப்பி, கையில் தடி என்று வருவார்கள். நமக்குச் சாரம் வீட்டு உடுப்பு, அங்கே அரண்மனை உடுப்பு. பெரிய நாளில் உடுக்கும் அந்தத் துணி ஒன்றுக்கு 'ஜோர்ஜ்' என்று பெயர். சென்னையின் புனித ஜோர்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் அது, துணியும் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் போனதுதான். சிவப்புப் பவளமணி மாலை கடையில் அழகாக இருக்கும். அரண்மனைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அது பட்டம் உள்ளவர்களுக்கு.

சரி, உள்ளே போயாயிற்று. இங்கேதான் நம்மவர்கள் பிழை விடுவார்கள். அரசரோடு நேரே பேசத் தொடங்குவார்கள். அங்கே 'ஒடோட்டா' என்று ஒருவர் இருப்பார், பேச்சாளர். உங்கள் சொல் அவர் வழியாகப் போகும், அரசர் சொல் அவர் வழியாக வரும். உங்கள் பக்கத்திலும் ஒருவரைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு போங்கள், அந்த ஊர்க்காரராக இருந்தால் மிக நல்லது. கேட்டது உங்களுக்கு விளங்கினாலும் பதில் சொல்லாமல் காத்திருங்கள்.

மறுகா தட்டம் வரும். நம்ம வெற்றிலை வட்டா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கோலா கொட்டை, ஒரு போத்தல் குடிவகை, கூடவே காசும் இருக்கும். காசைக் கண்டதும் நான் திகைத்துவிட்டேன், லஞ்சமோ என்று. இல்லை, விருந்தாளியை வரவேற்கும் முறை. அதைச் சட்டைப் பையில் போடாதீர்கள், வேண்டாம் என்றும் தள்ளாதீர்கள். உங்கள் பேச்சாளர் நன்றி சொல்லி ஏற்பார், உங்கள் பக்கத்துக் காசையும் அவரிடமே முன்கூட்டிக் கொடுத்து வையுங்கள். கொட்டையை எடுத்து வாழ்த்திப் பிரிப்பது மூத்தவரின் வேலை, முதலில் வாழ்த்துவது யார், துண்டு முதலில் யாருக்கு என்பதற்கு வரிசை உண்டு. கோயிலில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பார்க்கும் கவனம் அப்படியே இருக்கும். உங்கள் முறை வரும்போது வலது கையால் வாங்கி மெல்லுங்கள். கசக்கும். முகத்தைச் சுளிக்காதீர்கள். குடிக்காதவர்கள் கிண்ணத்தை வாங்கி உதட்டில் தொட்டுப் பக்கத்தவருக்குக் கொடுக்கலாம். நான் நாலு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

சாப்பாடு வந்தால் 'உசி' இருக்கலாம். மரவள்ளி மாவைச் செம்பனை எண்ணெயோடு கிண்டி எடுத்த, மஞ்சள் நிறக் களி. கையால் கிள்ளி, சூப்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். நான் முதல் நாள் மென்றேன். பல்லில் ஒட்டிக்கொண்டு வாய் திறக்கவில்லை, கொடுத்து வைத்தவன், பேச வேண்டிய தேவையும் வரவில்லை.

உகியெவ்வென், உடு ராச்சியங்களின் பக்கம் போனால் 'உட்ஜே' என்ற ஆட்டப் பாட்டு கேட்கக் கிடைக்கலாம். ஒரு பகுதியார் எதிர்ப் பகுதியாரைப் பேர் சொல்லி நக்கலடித்துப் பாடுவார்கள். சண்டை வரப்போகிறது என்று பயப்படாதீர்கள். நம்ம ஊர்க் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் வசை பாடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதில்லை. யார் பக்கம் அதிகம் சிரித்தீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேற்று இரவு தம்பி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான்: "சேர், கேட்டுட்டன். ஓவியே இல்லையாம், ஓரோஜேயாம்." கீழே இன்னொரு செய்தி: "மிக்வோ சொல்லேக்க எவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்கிற?"

எழும்பு என்று சொல்லும்வரை, மனே.