வட்டைக் காவலுக்கு ஒரு கெட்டபோல்: நான் எதை எடுத்தேன், எப்படிக் கட்டினேன்

பெரும்போகத்தில் நெல் பால் பிடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கட படுவான்கரையில் எவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. இரவில் யானையும் பன்றியும். விடிந்தால் கிளியும் தினைக்குருவியும். மேட்டுப்பக்கம் சோளமோ கச்சானோ போட்டிருந்தால் குரங்கும் வந்து சேரும். யானைக்கு யானைவெடி இருக்கிறது. மற்றதுகளுக்கு என்ன செய்வது? எங்கட வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒருவரிடமும் துவக்கு இல்லை. இருந்தாலும் நான் தொட மாட்டேன். வெடிச்சத்தம் கேட்டால் அம்மம்மா இன்றைக்கும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவா. விடியக்காலையில் அந்தச் சத்தத்தை அவவின் காதுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. எனக்குக் கைத்துவக்கு என்றால் அது கெட்டபோல்தான்: இரண்டாகப் பிரிகிற கவர்த்தடியில் றப்பர் கட்டி மண் உருண்டை எறிகிற கவண்.

என்னிடம் மூன்று கெட்டபோல் இருக்கின்றன. ஒன்று கடையில் வாங்கிய இரும்புக் கெட்டபோல், மணிக்கட்டில் அண்டி நிற்கிற வளைவு வைத்தது. அடுத்தது புளியங்கொம்பில் லொறி ரியூப் போட்டு நானே கட்டியது. மூன்றாவது கொய்யாத்தடியில் மெல்லிய றப்பர் பட்டி போட்டது. பரணில் ஏறும்போது கை போவது மூன்றாவதுக்குத்தான். மூன்றிலும் பலம் குறைந்தது அதுவே. அதனால்தான் அதை எடுத்தேன்.

இரும்புக் கெட்டபோலில் இழுத்து விட்டால் உருண்டை வரம்பைத் தாண்டி அடுத்தவனின் வயலையும் தாண்டிப் போகும். அங்கே யார் களை பிடுங்கிக் கொண்டு நிற்கிறார்கள் என்று பரணில் இருந்து தெரியாது. காலையில் முப்பது தரம் அதை இழுத்தால் தோள் மூட்டும் வலிக்கும். வலிக்கிற கை குறி தவறும். கொய்யாத்தடி 30, 40 மீற்றருக்கு நான் நினைத்த இடத்தில் போடும். வயல் காவலுக்கு அதற்குமேல் தேவையில்லை, ஏனென்றால் நான் சுடுவது குருவிக்கு இல்லை, தகரத்துக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தடி

கொய்யாவைத்தான் எடுக்கச் சொல்வேன். உறுதி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. கொய்யாவில் இலைகள் எதிரெதிராக, சோடி சோடியாக வரும். ஒரு கொப்பின் நுனியை வெட்டிவிட்டால் கீழே இருக்கிற இரண்டு மொட்டும் ஒரேயளவில் கிளம்பும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மொத்தத்தில், ஒரே சாய்வில் கவர் கிடைக்கும். புளியில் இலை மாறி மாறி வரும், ஆகவே புளியங்கவரில் ஒரு பக்கம் தாய்க்கொப்பு, மறுபக்கம் பிள்ளைக்கொப்பு. என் புளியங்கெட்டபோலைப் பார்த்தாலே தெரியும், ஒரு காது, அதாவது கவரின் ஒரு கிளை, மற்றதைவிடத் தடித்து நிற்கிறது.

கைப்பிடி பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடித்தால் அடங்க வேண்டும். இரண்டு காதுக்கும் நடுவில் உட்பக்கமாக 7 அல்லது 8 சென்ரிமீற்றர் போதும். காதுகளை உயரமாக விடாதீர்கள். கைக்குமேலே 5 சென்ரிமீற்றருக்குக் கூடினால் இழுக்கும்போது தடி பின்னுக்குச் சாயும், மணிக்கட்டு அதோடு சண்டை பிடிக்கும். காட்டுக்குள் போய் வெட்டத் தேவையில்லை, வளவில் நிற்கிற கொய்யாவே காணும்.

காய வைத்தல்

இங்கேதான் நான் முதல் தடி இரண்டையும் பாழாக்கினேன். வெட்டிய அன்றே பட்டையை உரித்து, சீக்கிரம் காயட்டும் என்று தகரக்கூரைமேல் போட்டேன். மூன்றாம் நாள் எடுத்தபோது கவரின் அடியில் மயிர்போல ஒரு வெடிப்பு. கவனிக்காமல் றப்பரும் கட்டினேன். இழுத்தபோது ஒரு காது கழன்று வந்து கன்னத்தில் அடித்தது. இரண்டு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். மாமா அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவசரப்படாத மனே. வெட்டின வாயாலதான் ஈரம் முதல்ல போகும். அதை அடைச்சுப்போட்டு நிழல்ல வை.”

அவர் சொன்னது சரி. மரத்தின் ஈரம் வெட்டுமுகத்தால் வேகமாக வெளியேறும், நடுப்பகுதி மெதுவாகக் காயும். நுனி சுருங்கியபின்னும் நடு சுருங்காமல் நிற்பதால் மரம் பிளக்கிறது. இப்போது நான் வெட்டியவுடன் மூன்று நுனியிலும் மெழுகுதிரியை உருக்கித் தடவுவேன். பட்டையை உரிக்காமல், குசினிக்கு வெளியே காற்றுப்படுகிற நிழலில் கட்டித் தொங்கவிடுவேன். மூன்று கிழமை. மாரிமழை பிடித்துவிட்டால் ஐந்து கிழமை. தடியை ஐந்து நாளுக்கு ஒருக்கால் தராசில் போட்டுப் பாருங்கள், பாரம் குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. மறுகா பட்டையை உரித்து, கண்ணாடித்துண்டால் சுரண்டி, மண்தாளால் தேய்த்தால் போதும். வார்னிஷ் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்த்த கையில் அது வழுக்கும், எனக்குப் பிடிக்காது.

றப்பர்

சிறு வயதில் நாங்கள் எல்லாரும் சைக்கிள் ரியூப்பை வெட்டித்தான் கட்டினோம். இன்றைக்கு வருகிற ரியூப்பில் பெரும்பாலானவை பியூட்டைல் என்கிற செயற்கை றப்பர். காற்றை விடாமல் பிடித்து வைப்பதில் அதற்கு நிகர் இல்லை, அதனால்தான் ரியூப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இழுத்து விட்டால் சோம்பலாகத் திரும்பும். நீங்கள் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே சூடாகிப் போய்விடும். என் லொறி ரியூப் கெட்டபோல் இழுக்க இரும்புபோலக் கிடக்கும், விட்டால் உருண்டை மெதுவாகப் போகும்.

தேவைப்படுவது மரப்பாலில் செய்த இயற்கை றப்பர். 1876இல் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நட்ட கன்றுகளோடு றப்பர் இந்த நாட்டுக்கு வந்தது. றப்பர் காய்க்கிற நாட்டில் இருந்துகொண்டு நல்ல பட்டி தேடி அலைய வேண்டியிருந்ததில் எனக்கு மனவருத்தம். கடைசியில் விளையாட்டுச் சாமான் கடையில் உடற்பயிற்சிக்கு விற்கிற அகலமான றப்பர் பட்டியைக் கண்டுபிடித்தேன். எல்லாமே இயற்கை றப்பர் இல்லை. ஒரு விரல் அகலத்தை இழுத்து விட்டுப் பாருங்கள். சட்டென்று துள்ளித் திரும்பினால் வாங்கலாம்.

நீளத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். தடியை நீட்டிப் பிடித்த கையில் இருந்து கன்னத்து எலும்புவரை ஒருவரைக் கொண்டு அளப்பியுங்கள். எனக்கு 80 சென்ரிமீற்றர். அதை 4ஆல் பிரித்தால் 20. றப்பரின் வேலை செய்கிற நீளம் அதுதான். இரண்டு முனையிலும் கட்டுவதற்கு 2.5 சேர்த்தால் ஒரு பட்டி 25 சென்ரிமீற்றர். ஐந்து மடங்குக்கு இழுபடும்படி கட்டினால் வேகம் கூடும், பட்டி ஒரு கிழமையில் அறும். அகலம் 2 சென்ரிமீற்றர், ஒற்றைப் பட்டி. கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரத்தில் பல் விழும், அறுப்பு அந்தப் பல்லில்தான் தொடங்கும். கண்ணாடிமேல் விரித்து, இரும்பு அடிமட்டத்தை வைத்து, புது பிளேட்டால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள்.

கட்டுதல்

ஒரு போகம் முழுக்க என் உருண்டைகள் இடப்பக்கமே போயின. கையை மாற்றினேன், நிலையை மாற்றினேன், ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பிழை கையில் இல்லை. இடப்பக்கப் பட்டி கட்டுக்குள் கொஞ்சம் கூடப் போய், மற்றதைவிட 4 மில்லிமீற்றர் குட்டையாக நின்றது. குட்டைப்பட்டி கூட இழுபடும், கூடப் பலம் கொடுக்கும், உருண்டையைத் தன் பக்கம் கொண்டுபோகும்.

இதைப் பிடிக்க நான் வைத்திருக்கிற வழி இது. கட்டி முடித்ததும் உருண்டை வைக்கிற தோலைச் சுவரில் ஆணியில் கொளுவுங்கள். காது மேலேயும் கைப்பிடி கீழேயுமாகத் தடி தொங்கும். கைப்பிடியில் 2 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். பட்டி இரண்டும் நீளும். இப்போது இரண்டு காதும் நிலத்தில் இருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று அடிமட்டத்தால் பாருங்கள். ஒரு பக்கம் மேலே நின்றால் அந்தப் பக்கம் குட்டை. அவிழ்த்துக் கட்டுங்கள். நான் மூன்று நாலு தரம் அவிழ்த்த நாளும் உண்டு. கோபப்பட்டு அப்படியே விட்டால் ஒரு போகம் முழுக்க அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

கட்டுவதற்குத் தங்கூசி, அதாவது மீன்பிடிக்கிற நைலோன் நூல், வேண்டாம். வாவிக்கரையில் எல்லார் வீட்டிலும் கிடக்கிறதே என்று நானும் கட்டினேன், அது றப்பரைக் கத்திபோல அறுத்தது. அதே றப்பரில் மெல்லிய கீற்று வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். முதலில் தோல்பக்கம், பிறகு தடிப்பக்கம்.

தோலுக்குப் பழைய சப்பாத்தின் நாக்கு. அதைவிட நல்லது நான் காணவில்லை. 7 சென்ரிமீற்றர் நீளம், 2 அகலம். நடுவில் மடித்து, இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே ஆணியால் துளை போட்டால் இரண்டு துளையும் நடுவில் இருந்து ஒரே தூரத்தில் விழும்.

உருண்டை

கல்லும் மாபிளும் போடாதீர்கள். தகரத்தில் பட்ட கல் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. வயலில் கிடக்கிற கல் நெல் வெட்டுகிற மெசினுக்கும் கேடு. நான் களிமண்ணோடு மூன்றில் ஒரு பங்கு புற்றுமண் சேர்த்துப் பிசைந்து, பாக்கைவிடச் சிறிதாக உருட்டி, நிழலில் காயப்போடுவேன். கும்பிடுகிற புற்றில் கை வைக்காதீர்கள், வரம்போரத்துக் கறையான் புற்றுக் காணும். களியை மட்டும் உருட்டினால் வெடிக்கும், கொஞ்சம் உமிச்சாம்பல் சேர்த்தால் நிற்கும். தகரத்தில் பட்டதும் தூளாகி மண்ணோடு மண்ணாகிவிடும். ஒரு காலைக்கு 50 உருண்டை போதும்.

பரணில்

எண்ணெய்த் தகரத்தை விரித்து, வயலின் நாலு மூலையிலும் கம்பில் தொங்கவிட்டிருக்கிறேன். பின்பக்கம் மேடான வரம்பு. பாதையைப் பார்த்து ஒரு தகரமும் இல்லை. கிளிக்கூட்டம் இறங்கினால் அதற்கு மிகக் கிட்ட இருக்கிற தகரத்தில் ஒரு உருண்டை. “டங்” என்றதும் முழுக் கூட்டமும் எழும்பும். இறந்த குருவி மற்றக் குருவிக்கு ஒன்றும் சொல்லாது, பயந்த குருவி கூட்டத்தையே கொண்டுபோகும். ஒரே தகரத்தை எப்போதும் அடித்தால் மூன்றாம் நாள் பழகிவிடும், மாற்றி மாற்றி அடியுங்கள். கிழமைக்கு ஒருக்கால் தகரங்களின் இடத்தையும் மாற்றுவேன்.

குரங்கு கெட்டிக்காரன். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க 5 நிமிடம் குரங்கு, மயில், மரஅணில் எண்ணச் சொன்னபோது எங்கட வளவில் நான் 11 குரங்கும் 2 மயிலும் எழுதினேன். அந்தப் பதினொன்றும் தகரச்சத்தத்துக்கு ஓடும், ஆனால் கால்மணித்தியாலத்தில் திரும்பும். குரங்குக்கு ஆள் நிற்க வேண்டும், அதற்குக் குறுக்குவழி நான் காணவில்லை. யானைக்கு முன்னால் கெட்டபோலை எடுக்கவே கூடாது. பரணை விட்டு இறங்காமல் இருங்கள்.

ஒவ்வொரு காலையும் முதல் இழுப்புக்கு முன்னால் பட்டியை மெதுவாக விரித்து, கட்டின் ஓரத்தில் மயிர்வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். உருண்டை வைக்காமல் வெறுமனே இழுத்து விடாதீர்கள். வெயிலில் கிடந்தால் றப்பர் செத்துவிடும், நான் மூடியிருக்கிற பிஸ்கட் தகரப்பெட்டிக்குள் வைக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடியும் ஒன்றுமில்லாததைவிட நல்லது.

பிற்சேர்க்கை: வெல்லாவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர், மழையில் நனைந்த தோல் காய்ந்து விறைத்துவிட்டது என்று தேங்காயெண்ணெய் பூசியிருக்கிறார். எண்ணெய் பட்டியில் ஊறி, இரண்டு நாளில் றப்பர் வீங்கி அறுந்துவிட்டது. இதை நான் முதலே எழுதியிருக்க வேண்டும். இயற்கை றப்பருக்கு எண்ணெய் ஆகாது. தோலுக்கு மெழுகு மட்டும் தேயுங்கள், அதுவும் பட்டி கட்டுவதற்கு முன்னால்.

இன்னொரு அக்கா கேட்டா, இடக்கைக்காரிக்கு வேறு மாதிரிக் கட்ட வேண்டுமா என்று. வேண்டாம். கொய்யாக்கவர் இரண்டு பக்கமும் ஒன்றுதான். திருப்பிப் பிடித்தால் சரி. நீளத்தை மட்டும் அவவின் கையால் அளந்து வெட்டச் சொன்னேன். 72 வந்தது, பட்டி 23 வெட்டியிருக்கிறா.